நின்றால் அவளுக்கு, படுத்தால் எனக்கு

என் மனைவிக்கு நிற்பது ஆகாது. எனக்குப் படுப்பது ஆகாது. இரண்டு வருத்தங்களும் ஒரே ஆண்டில் எங்கள் வீட்டுக்குள் வந்தன. முதலில் வந்தது என்னுடையது.

கண்டியில் பஸ் நிலையத்துக்குப் போகிற தெருவொன்றில் நான் சப்பாத்துக் கடை வைத்திருந்தேன். வந்தவர்களின் காலடியில் குனிந்தே பாதி ஆயுள் போயிற்று. காலைப் பார்த்தவுடன் அளவைச் சொல்லிவிடுவேன், தப்பாது. அப்படிப்பட்ட எனக்கு என் சொந்தச் சப்பாத்தே பொருந்தாமல் போனது. காலையில் சரியாக இருக்கும். மாலையில் கடையைப் பூட்டும் நேரம் இறுக்கிப் பிடிக்கும். காலுறையைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றி அதன் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருக்கும். மழைக்காலத்தில் தோல் சுருங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். சப்பாத்து வியாபாரி சப்பாத்தைத்தானே குறை சொல்வான்? காலைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தேன். சற்று நேரத்தில் யாரோ நெஞ்சின் மேல் ஈரச் சாக்கைப் போட்டதுபோல மூச்சு அடைத்தது. எழுந்து உட்கார்ந்தேன், சரியாகிவிட்டது. மறுபடி படுத்தேன், மறுபடி அடைத்தது. வாய்வு என்றேன். மனைவி ஒப்புக்கொள்ளவில்லை.

"வாய்வுன்னா ஏப்பம் வரணும். உங்களுக்கு இருமல்தானே வருது. நாளைக்கே டொக்டர்கிட்ட போறோம்."

இதய கிளினிக்கில் இருந்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். என் கீழ்க்காலில் பெருவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். அந்த இடத்தில் குழி விழுந்து, நிரம்பாமல் அப்படியே இருந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, எனக்கே தெரியாமல் எப்போதோ ஒரு மாரடைப்பு வந்து போயிருந்தது தெரிந்தது. அது போகும்போது இதயத்தின் பலத்தில் ஒரு பங்கையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

"நிக்கேக்க நீரெல்லாம் கால்ல இறங்கித் தேங்குது ஐயா," என்றார் அவர். "அதுதான் பின்னேரத்தில வீக்கம். நீங்கள் படுத்த உடன அது திரும்பி நெஞ்சுப் பக்கம் ஓடி வருது. அவ்வளவத்தையும் தள்ளி விட உங்கட இதயத்தால ஏலாது. அப்ப நுரையீரல்ல தேங்கி மூச்சு முட்டும். விளங்குதோ?"

விளங்கியது. நான் என்னமோ உடம்பில் இரத்தம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்திருந்தேன். தண்ணீர் போத்தலைச் சாய்த்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கம்தான் அதுவும் போகப் பார்க்கிறது. நம்முடைய இதயமும் இரத்த நாளங்களும் விடிந்ததிலிருந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன.

உப்பைக் குறைக்கச் சொன்னார். குடிக்கும் தண்ணீருக்கும் ஓர் அளவு வைத்தார். மூத்திரம் போக மாத்திரை கொடுத்தார். அன்றிலிருந்து தலையணைகளை அடுக்கி, அவற்றின் மேல் பாதி உட்கார்ந்த நிலையில் தூங்கப் பழகினேன். கால் வற்றியது. சப்பாத்தும் திரும்பப் பொருந்தியது. கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு அம்பிட்டிய வீட்டோடு இருந்துகொண்டேன்.

சில மாதங்கள் கழித்து என் மனைவி விழுந்தாள்.

அவள் கணித ஆசிரியை. ஓய்வுபெறப் போகிற வருடம். பாடசாலையில் பரிசளிப்பு விழா. ஆசிரியர்களெல்லாம் மைதானத்து வெயிலில் வரிசையாக நிற்க, மேடையில் ஒருவர் பேசி முடிக்க மறந்துபோய்ப் பேசிக்கொண்டிருந்தாராம். இவள் அசையாமல் நின்றிருக்கிறாள். ஓர் ஆசிரியை ஆடினால் பிள்ளைகளும் ஆடுவார்கள் என்பது அவள் கொள்கை. திடீரென்று, கொடியில் காய்ந்த சேலை நழுவி விழுவதுபோலச் சத்தமில்லாமல் கீழே விழுந்தாள். இதை எனக்குச் சொன்னவர் அவளோடு படிப்பித்த மனையியல் டீச்சர். எங்கள் வீட்டுக்கு மேல் வளைவில் குடியிருக்கும் முஸ்லிம் பெண்மணி. அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் டீச்சர் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"விழுந்த ஒடனே கண்ண முழிச்சிட்டா அண்ணே," என்றார் அவர். "ஒண்டுமே நடக்காத மாதிரி எங்களப் பாத்தா. பொறகு நாங்க தூக்கிக் கதிரையில வெச்சோம். திரும்பவும் தலை தொங்கிட்டு. கீழ படுக்க வெச்ச பொறகுதான் சரியா வந்திச்சு."

அதே டொக்டரிடம் போனோம். மனைவியைப் படுக்க வைத்து இரத்த அழுத்தம் பார்த்தார். உட்கார வைத்துப் பார்த்தார். பிறகு, "இப்ப எழும்பி நில்லுங்கோ அம்மா, பாப்பம்," என்றார். அவள் நிற்கும்போதே முகம் வெளுப்பதை நான் பார்த்தேன்.

நாம் எழுந்து நிற்கும்போது இரத்தம் காலுக்கு இறங்கும். உடனே கால் நாளங்கள் இறுகி அதை மேலே அனுப்ப வேண்டும். இவளுக்கு அவை சோம்பேறியாகிவிட்டன. இதயம் நல்ல இதயம்தான். ஆனால் அதற்குள் வந்து சேர இரத்தம் இல்லை. மூளைக்குப் போகாததால் மயக்கம். மெதுவாக எழும்ப வேண்டும், நிற்க நேர்ந்தால் கெண்டைக்காலை இறுக்கி இறுக்கி விட வேண்டும், தொடை வரைக்கும் இறுக்கமான காலுறை போட வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், உப்பைக் குறைக்கவே கூடாது.

நான் டொக்டரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஓம் ஐயா. உங்களுக்குச் சொன்னதெல்லாத்தையும் அப்பிடியே தலைகீழாப் போடுங்கோ. அதுதான் அம்மாவுக்கு."

வரும் வழியில் ஓட்டோவில் மனைவி சொன்னாள்: "கவலைப்படாதீங்க. உங்க உப்பையும் நான் சாப்புட்டுக்கிறேன். உங்க தண்ணியையும் நானே குடிச்சிக்கிறேன்."

அன்று முதல் எங்கள் அடுப்படியில் இரண்டு பருப்புக் கறி. சாப்பாட்டு மேசையில் அவள் பக்கம் பெரிய தண்ணீர்க் கூஜா, என் பக்கம் சின்னக் கோப்பை. காலையில் அவள் கட்டிலில் சாய்ந்தபடியே ஒரு டம்ளர் குடித்துவிட்டு, உட்கார்ந்து, காலை ஆட்டி, பிறகுதான் இறங்குவாள். வெளியே போவதை மட்டும் குறைத்துக்கொண்டாள். பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டால், வங்கியில் வரிசை நீண்டால், கோயிலில் தீபாராதனை தாமதித்தால், எங்கே விழுவோமோ என்ற பயம். படிப்பிப்பதற்காகவே வாழ்நாளெல்லாம் நின்றவள். நிற்பதே பயமாகிப்போனது அவளை உள்ளுக்குள் சுருக்கிவிட்டது. அது எனக்குத் தெரிந்தது. ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

வழி காட்டியவர் மனையியல் டீச்சர்தான். அவருக்கு முழங்கால் நோவு. அம்பிட்டியவில் மேட்டின் மேல் ஒரு சிறிய ஹோட்டல் இருக்கிறது. அதன் நீச்சல் குளத்தில் சனிக்கிழமை காலையில் பெண்களுக்கு மட்டும் ஒரு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு சிங்களப் பெண் வருவார். தண்ணீருக்குள் நடக்க நடக்க நோவு குறைகிறது என்று டீச்சர் போய்வந்துகொண்டிருந்தார்.

"நீங்களும் வாங்க டீச்சர். தண்ணி நெஞ்சளவுதான் ஈக்கி. முங்கித் தாண்டுபோக மாட்டீங்க."

"இந்த வயசுல நான் நீச்சல் உடுப்புப் போட்டுக்கிட்டு நிக்கவா? பழைய பிள்ளைங்க யாராச்சும் பார்த்தா?"

"என்ட உடுப்பப் பாருங்களே," என்று டீச்சர் பையைத் திறந்து காட்டினார். கணுக்கால் வரை காற்சட்டை, முழங்கால் வரை மேற்சட்டை, தலையை மூடும் தொப்பி. எல்லாம் ஒரே நீலம்.

மனைவி அதை விரித்துப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "இது மாதிரி எனக்கும் ஒண்ணு கெடைக்குமா?"

கிடைத்தது. முஸ்லிம் பெண்களுக்காகத் தைத்த அந்த உடுப்பில், நெற்றியில் திருநீறோடு, என் மனைவி அறுபது வயதை நெருங்கும்போது முதன்முறையாக நீச்சல் குளத்தில் இறங்கினாள். நான் ஹோட்டல் விறாந்தையில் உட்கார்ந்திருந்தேன். குளத்துக்கும் விறாந்தைக்கும் நடுவே உயரமான வேலிச் செடி. சத்தம் கேட்கும், ஒன்றும் தெரியாது.

அவள் திரும்பி வந்தபோது நான் கண்ட முகம் கல்யாணமான புதிதில் கண்ட முகம்.

"நின்னேங்க," என்றாள். "நெஞ்சு வரைக்கும் தண்ணி. கால் மணி நேரம் நின்னேன். தலை சுத்தவே இல்ல. அப்புறம் நடந்தேன். ஓடக்கூடச் செஞ்சேன்."

அடுத்த முறை கிளினிக்கில் இதைச் சொன்னபோது டொக்டர் சந்தோஷப்பட்டார். தண்ணீர் நாலா பக்கமும் காலையும் வயிற்றையும் அழுத்துகிறது. அதனால் இரத்தம் கீழே தேங்க முடியாமல் நெஞ்சுக்கு ஏறுகிறது. இதயம் நன்றாக நிரம்பி, ஒவ்வொரு துடிப்பிலும் நிறையத் தள்ளுகிறது. எனவே அவசரப்படாமல் நிதானமாகத் துடிக்கிறது. என் மனைவி தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டாள். குளத்துக்குள் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் எல்லாப் பெண்களுக்கும் ஒன்றுக்கு வருகிறதே, அது ஏன்?

டொக்டர் சிரித்துவிட்டார். "நெஞ்சில இவ்வளவு ரத்தம் வந்திட்டுது எண்டவுடன, உடம்பில தண்ணி கூடிப்போச்சு எண்டு இதயம் பிழையா நினைக்கும் அம்மா. வெளியேத்து எண்டு சிறுநீரகத்துக்குச் சொல்லும். அதால தண்ணியால வெளிய வந்த பிறகு நல்லாக் குடிக்க வேணும்."

வெளியே ஏறும்போது கவனம் என்று ஓர் எச்சரிக்கையும் தந்தார். ஆனால் அதை மனைவி முதல் நாளே பட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் விறுவிறுவென்று ஏணியில் ஏறியவளுக்குக் கரையில் கால் வைத்ததும் கண் இருட்டியிருக்கிறது. தண்ணீரின் பிடி விட்டதும் இரத்தம் திரும்பக் காலுக்கு ஓடிவிடுகிறது. பயிற்சிப் பெண் தோளைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார். அதன் பிறகு ஒவ்வொரு படியிலும் நின்று, கெண்டைக்காலை இறுக்கி, கரையில் கொஞ்சம் உட்கார்ந்து, பிறகே எழும்புவாள். கரைக்கு வரும் இந்தச் சடங்கைத் தோழிகள் 'டீச்சரின் ஊர்வலம்' என்றார்கள்.

தைப்பொங்கலுக்குப் புசல்லாவையில் இருக்கும் மைத்துனன் வீட்டுக்குப் போனோம். மனைவியின் தம்பி. அவன் வீட்டுக்குக் கீழே, தேயிலை மலைகளுக்கு நடுவில் ஓர் ஓடை இறங்குகிறது. ஓரிடத்தில் பாறைகள் அணைகட்டியதுபோல் சூழ்ந்து ஆழமான குழியாகியிருக்கும். பொங்கலுக்கு மறுநாள் நல்ல வெயில். மனைவி தன் நீல உடுப்பைக் கொண்டுவந்திருந்தாள். மேல் பக்கம் தோட்டத்துப் பெண்கள் சிலர் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கழுத்தளவு நீரில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். நான் பாறையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கும் ஆசை வந்தது. தண்ணீர் இதயத்துக்கு நல்லது என்று டொக்டரே அவளிடம் சொன்னாரே. அவளுக்கு நல்லது என்றால், இதய வருத்தக்காரனான எனக்கு இன்னும் நல்லதாகத்தானே இருக்கும்? இதை யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

மலைத் தண்ணீர் ஊசி ஊசியாகக் குத்தியது. இடுப்பு வரை போனேன். நெஞ்சு வரை போனேன். கழுத்துக்கு வந்தபோது உடம்பு பாரமற்றுப் போய் ஒரு கணம் சுகமாக இருந்தது. அவள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "நீங்களுமா!" என்று சிரித்தாள். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். மூச்சு உள்ளே போகவில்லை.

படுத்தால் வருகிற அதே ஈரச் சாக்கு. ஆனால் இந்த முறை நிற்கும்போதே வந்தது. ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. இருமினேன். இருமலை நிறுத்த முடியவில்லை. கரையில் நின்ற மைத்துனன் குதித்து என்னைக் கக்கத்தில் பிடித்து இழுத்தான். துவைத்துக்கொண்டிருந்த பெண்களும் ஓடிவந்து கை கொடுத்தார்கள். என் மனைவி ஊர்வலத்தையெல்லாம் மறந்து, பாறையைப் பிடித்து ஒரே தாவலாகத் தாவி மேலே வந்தாள். என்னை நோக்கி இரண்டடி ஓடினாள். அப்படியே சரிந்தாள்.

அதற்குப் பின் நடந்ததை நான் கண்ணால் கண்டேன். நல்ல மனதோடு அந்த மனிதர்கள் எங்கள் இருவருக்கும் செய்யக்கூடாததைச் செய்தார்கள். என்னைத் துவாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, "காலத் தூக்குங்க, ரத்தம் நெஞ்சுக்குப் போகட்டும்," என்று யாரோ சொல்ல, மைத்துனன் என் இரண்டு கால்களையும் உயரத் தூக்கிப் பிடித்தான். மூச்சு முழுக்க நின்றுவிடும் போலிருந்தது. அந்தப் பக்கம் ஒரு பெண் என் மனைவியை நிமிர்த்தி உட்கார வைத்து, தன் நெஞ்சில் சாய்த்துக் கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தாள். மனைவியின் தலை தொங்கித் தொங்கி விழுந்தது.

"மாத்துங்க," என்றேன். சத்தம் வரவில்லை. மைத்துனன் குனிந்தான். "என்ன மச்சான்? என்ன சொல்றீங்க?"

"அவள... படுக்க வை. காலத் தூக்கு. என்ன... ஒக்கார வை."

அவன் நான் பிதற்றுகிறேன் என்றே நினைத்தான். அவனுடைய சட்டைக் கொலரைப் பிடித்து என் உடம்பை நானே மேலே இழுத்தேன். உட்கார்ந்த உடனே ஒரு வாய் காற்று உள்ளே போனது. என் முகத்தில் ஏதோ மாறியதை அவன் பார்த்திருக்க வேண்டும். "அக்காவப் படுக்க வைங்க! கால மேல தூக்குங்க!" என்று கத்தினான்.

அந்தப் பெண் உடனே அவளைப் பாறையில் சாய்த்து, நனைந்த கால்களைத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டாள். மனைவி கண்ணைத் திறந்தாள். வானத்தைப் பார்த்தாள். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"நீங்க ஏன் தண்ணியில எறங்குனீங்க?" என்றாள்.

அவ்வளவு மூச்சுத் திணறலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் குரலில் இருந்தது வகுப்பறைக் கோபம். அந்தக் கோபம் இருந்தால் அவளுக்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும்.

மைத்துனன் வேனை எடுத்தான். முன் ஆசனத்தில் நான் நிமிர்ந்து, காலைத் தொங்கவிட்டபடி. பின் ஆசனத்தில் அவள் நீட்டிப் படுத்து, காலைக் கதவின் மேல் தூக்கி வைத்தபடி. பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் எனக்கு ஒட்சிசன் கொடுத்து, நீர் வெளியேற ஊசி போட்டார்கள். பிறகு கண்டிக்கு அனுப்பி ஓரிரு நாள் வைத்துப் பார்த்தார்கள். மூச்சு சீரானது.

எங்கள் டொக்டர் கட்டில் அருகே வந்து நின்றார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கழுத்தளவு தண்ணிக்குள்ள நிக்கிறது, உங்களப் பொறுத்தவரைக்கும் தலையணை இல்லாமப் படுக்கிற மாதிரித்தான் ஐயா. அத விட மோசம். தண்ணி கால்ல இருக்கிறதையெல்லாம் பிதுக்கி நெஞ்சுக்கு ஏத்துது. அம்மாவுக்குக் குறைஞ்சு கிடக்கிற ரத்தம், அது வந்தா அவவுக்கு நல்லது. உங்களுக்கு ஏற்கெனவே கூடிப்போய்க் கிடக்குது. அதுக்குள்ள மலைத் தண்ணியின்ர குளிரும் நாளங்கள இறுக்கிப்போட்டுது." என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "பிழை என்னிலயும் இருக்கு. அம்மாவுக்குச் சொல்லேக்க உங்களுக்கும் சொல்லியிருக்க வேணும்."

"இனித் தண்ணிப் பக்கமே போகக்கூடாதா?"

"முழங்கால் மட்டும் போங்கோ. சுடுதண்ணியும் வேண்டாம், ஐஸ் தண்ணியும் வேண்டாம்."

முழங்கால் மட்டும் போதும் என்று இப்போது எனக்கும் தோன்றுகிறது. வீட்டு முற்றத்தில் ஒரு பேசினில் தண்ணீர் வைத்து, மாலையில் காலைத் தொங்கவிட்டு உட்காருவேன். மலைகளுக்கு மேல் மஞ்சு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

புசல்லாவைச் சம்பவத்துக்குப் பிறகு மனைவி குளத்தை விட்டுவிடுவாளோ என்று பயந்தேன். அவள் எதிர்ப்பக்கம் போனாள். நடந்தது போதாது, நீந்தக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள். தண்ணீரில் படுத்தபடி நீந்தினால் நிற்கும் தொல்லையே இல்லையே என்பது அவள் கணக்கு. பயிற்சிப் பெண் முதலில் மிதக்கச் சொல்லிக்கொடுத்தார். பல வாரங்கள் மூக்கில் தண்ணீர் போனதும் இருமியதும்தான் மிச்சம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. நான் வழக்கம்போல விறாந்தையில் பிளேன்டீயோடு உட்கார்ந்திருந்தேன். வேலிச் செடிக்கு அந்தப் பக்கம் இருந்த பேச்சுச் சத்தமெல்லாம் திடீரென்று அடங்கியது. தண்ணீர் அடிபடும் சத்தம் மட்டும், ஒழுங்கில்லாமல், விட்டுவிட்டுக் கேட்டது. பிறகு ஒரே கைதட்டல், கூச்சல். மனையியல் டீச்சரின் குரல் செடியைத் தாண்டி வந்தது.

"அண்ணே! டீச்சர் நீந்திட்டா! இந்தக் கரையில ஈந்து அந்தக் கரைக்கு!"

நான் எழுந்து நின்று, யாரும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை என்று, கைதட்டினேன். பரிமாறுகிற இளைஞன் ஒன்றும் புரியாமலே என்னோடு சேர்ந்து தட்டினான்.

அவள் வெளியே வர நேரம் பிடித்தது. ஒவ்வொரு படியாக வர வேண்டுமே. ஈரத் தலையோடு வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, போத்தல் தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தாள்.

"எப்பிடி இருந்திச்சு?" என்றேன்.

"நடுவுல ஒரு தடவ மூழ்கிடுவேன்னு நெனச்சேன்." கால் இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டாள். "மூழ்கல. அடுத்த தடவ நெடுக்கால போகப் பாக்குறேன்."

பசிக்கிறது என்றாள். ரொட்டியும் சம்பலும் சொன்னோம். அவளுக்கு உப்போடு, எனக்கு உப்பில்லாமல்.